நெஞ்செலும்பை அறுத்து மூடுன பிறகு: கம்பியா பிளேட்டா, வீட்டுக்கு வந்தா எப்படி எழுந்திரிக்கணும், எதை தூக்கலாம்

ஓபன் ஹார்ட் ஆபரேஷன்னு சொன்னாலே வீட்ல எல்லாரும் இதயத்தை பத்தியே கேப்பாங்க, எத்தனை அடைப்பு, எத்தனை கிராஃப்ட் போட்டாங்க, வால்வு மெட்டலா டிஷ்யூவான்னு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போயிட்டா அப்புறம் வர்ற போன் பூரா நெஞ்செலும்பை பத்திதான். ஒருக்களிச்சு படுக்கலாமா, இருமுனா பிரிஞ்சிடுமா, திரும்பும்போது உள்ள டக்குனு ஏதோ சத்தம் வருது அது என்னன்னு. நான் ஹார்ட் சர்ஜரி வார்டுல பிசியோ பாக்குறவன், இந்த கேள்விகளுக்கு பதில் சொல்றதே பாதி வேலை, அதனால மொத்தமா எழுதிடுறேன். உங்க சர்ஜன் உங்களுக்குன்னு தனியா ஏதாவது சொல்லியிருந்தா அதுதான் முதல்ல, நான் எழுதுறது அதுக்கு அடுத்தபடிதான்.

ரெண்டு வகை ஆளுங்களை அடிக்கடி பாக்குறேன். ஒருத்தர் பயந்துபோய் கைய மடியில வச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருப்பார், மூணு மாசம் கழிச்சு வரும்போது எலும்பு நல்லா சேர்ந்திருக்கும், தோள்பட்டை மட்டும் இறுகிப்போயி கைய தலைக்கு மேல தூக்க முடியாது. இன்னொருத்தர் "எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஸ்ட்ராங்கு"ன்னு மூணாவது வாரமே தண்ணி குடத்தை தூக்குவார். ரெண்டுமே வேணாம். கைய அசைக்கலாம், அசைக்கவும் வேணும், எந்த வாக்குல அசைக்கணும்னு தெரிஞ்சிருந்தா போதும்.

முதல்ல, என்ன பண்றாங்க

கழுத்துக்கு கீழ ஒரு குழி இருக்கே, அங்க ஆரம்பிச்சு வயித்துக்கு மேல எலும்பு முடியிற முனை வரைக்கும் தோலை கீறி, நெஞ்செலும்பை நடுவுல நீளவாக்குல எலக்ட்ரிக் ரம்பத்தால ரெண்டா அறுப்பாங்க. இதுக்கு மீடியன் ஸ்டெர்னாட்டமின்னு பேர். 1897-லயே மில்டன்னு ஒரு சர்ஜன் இந்த வழியை எழுதி வச்சிருந்தார், ஆனா இதய ஆபரேஷனுக்கு இதுதான் வசதின்னு 1957-ல அமெரிக்காவுல ஆர்மண்ட் ஜூலியனும் அவர் கூட இருந்தவங்களும் சொன்ன பிறகுதான் எல்லா இடத்துக்கும் பரவுச்சு. இன்னைக்கும் பைபாஸுக்கு பெரும்பாலும் இந்த வழிதான். சில வால்வு ஆபரேஷனுக்கு எலும்போட மேல் பாதியை மட்டும் அறுக்குறதும் உண்டு, விலா எலும்பு இடுக்கு வழியா சின்ன ஓட்டை போட்டு பண்றதும் உண்டு, அவங்களுக்கு கீழ சொல்றதுல பாதி பொருந்தாது, டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

கை ஒடிஞ்சா மாவுக்கட்டு போட்டு அசையாம வச்சிடலாம். நெஞ்செலும்புக்கு அந்த வசதி கிடையாது. நிமிஷத்துக்கு 12லேர்ந்து 16 தடவை மூச்சு விடுறோம், அப்ப ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 20,000 தடவை அந்த எலும்பு மேலயும் கீழயும் அசையுது, அதுக்கு நடுவுல இருமல், தும்மல், விக்கல் வேற. இவ்வளவு அசைவுலயும் ரெண்டு பாதியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே நிக்கணும், அதுக்குதான் கம்பி, பிளேட்டு எல்லாம். கம்பியால எலும்பு சேராது, எலும்பு தானா சேர்றவரைக்கும் கம்பி இழுத்து புடிச்சு வைக்கும், அவ்வளவுதான் அதோட வேலை.

எதை வச்சு மூடுறாங்க

பெரும்பாலான ஆளுங்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. ஆறுலேர்ந்து எட்டு கம்பி வரைக்கும் போடுவாங்க, மேல் பக்கம் எலும்பு அகலமா தடிமனா இருக்கும், அங்க எலும்பை துளைச்சே கம்பியை கோர்ப்பாங்க, கீழ விலா எலும்பு இடுக்குல விட்டு எலும்பை சுத்தி கொண்டுவருவாங்க. ரெண்டு பாதியையும் இழுத்து சேர்த்து, கம்பியோட ரெண்டு முனையையும் முறுக்கி, வெட்டி, முனையை மடக்கி உள்ள அழுத்தி விட்டுருவாங்க. உங்க செஸ்ட் எக்ஸ்ரேய வெளிச்சத்துல புடிச்சு பாத்தா நடுவுல வரிசையா முறுக்கு முறுக்கா வெள்ளையா தெரியும், அதான். சில சர்ஜன் ஒவ்வொரு கம்பியையும் தனி வளையமா போடுவார், சில பேர் 8 வடிவத்துல குறுக்க போடுவாங்க, எது உசத்தின்னு சர்ஜன்களுக்குள்ளயே வாக்குவாதம் இருக்கு. நாம அதுல தலையிட வேண்டியதில்ல, அவங்க கை எதுல பழகியிருக்கோ அது நல்லா வரும்.

கம்பியில ஒரே ஒரு சிக்கல், அது மெல்லிசு. எலும்பு நல்லா இருந்தா பிரச்சினையே இல்ல, எலும்பு தேய்ஞ்சு மெத்துனு இருக்குறவங்களுக்கு, ஒவ்வொரு இருமலுக்கும் கம்பி எலும்புக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அவிச்ச முட்டையை நூல் வச்சு அறுக்குறோம்ல அந்த மாதிரி. அப்படி இறங்குனா கம்பி லூசாகும், ரெண்டு பாதியும் உரச ஆரம்பிக்கும். இதை தடுக்க ராபிசெக்னு ஒரு சர்ஜன் 1977-ல ஒரு முறை சொன்னார்: எலும்போட ரெண்டு ஓரத்துலயும் நீளவாக்குல கம்பியை பின்னி, அந்த பின்னலுக்கு வெளிய குறுக்குக் கம்பியை போட்டு முறுக்குறது. இழுப்பு நேரா எலும்பு மேல விழாம பின்னல் மேல விழும். எலும்பு உடையிற மாதிரி இருந்தாலோ, அறுக்கும்போது கோடு நடுவுலேர்ந்து விலகி ஒரு பக்கம் மெல்லிசா போயிட்டாலோ இதை போடுவாங்க.

அடுத்து அகலமா இருக்குற வகைகள். ஸ்டீல் பட்டை, பல இழை சேர்த்து முறுக்குன கேபிள், பீக்-ங்கிற உறுதியான பாலிமர்ல செஞ்ச டை. எல்லாத்தோட நோக்கமும் ஒண்ணுதான், இழுப்பை அகலமான இடத்துல பரப்பி விடுறது. நிட்டினால் கிளிப்புன்னு ஒண்ணு இருக்கு, குளிர வச்சா விரியும், உடம்பு சூட்டுல சுருங்கி இறுக்கிப் புடிக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் இது இருக்காது.

கடைசியா டைட்டானியம் பிளேட்டு. கை கால் எலும்பு உடைஞ்சா பிளேட்டு வச்சு ஸ்க்ரூ போடுறாங்கல்ல, அதே தத்துவம்தான். எலும்பு கொஞ்சம் கூட அசையாம நிக்கும், அதனால சேர்றதும் நல்லா இருக்கும். அமெரிக்காவுல 12 ஆஸ்பத்திரியில 236 பேரை ரெண்டு குரூப்பா பிரிச்சு கம்பியையும் பிளேட்டையும் ஒப்பிட்டு பாத்த ஆய்வு 2017-ல வந்துச்சு, 6 மாசம் கழிச்சு சிடி ஸ்கேன்ல பாத்தப்ப பிளேட்டு போட்டவங்களுக்குதான் எலும்பு நல்லா சேர்ந்திருந்துச்சு. அப்ப எல்லாருக்கும் பிளேட்டே போட்டுற வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. முதல் தடை விலை, கம்பி செலவு ஒண்ணுமே இல்ல, பிளேட்டு செட்டு பில்லை பாத்தா தலை சுத்தும். ரெண்டாவது, ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரியே உள்ள ரத்தம் கசிஞ்சு அவசரமா திரும்ப திறக்க வேண்டி வந்தா கம்பியை கட்டர் வச்சு டக்கு டக்குனு வெட்டிரலாம், பிளேட்டுக்கு அதுக்குன்னு உள்ள சாமானும் பழகுன கையும் வேணும். அதோட, எலும்பு நல்லா இருக்குற சாதாரண பேஷன்டுக்கு கம்பியே போதும், சேர்ந்துரும். என் அபிப்பிராயம், பிளேட்டு வேணும்னு எல்லாரும் அடம் புடிக்க வேணாம், தேவைப்படுறவங்க கேக்காம விட்டுறவும் வேணாம்.

யார் கேக்கணும்? உடம்பு எடை ரொம்ப அதிகமா இருக்கவங்க, கட்டுப்படாத சுகர் உள்ளவங்க, வருஷக்கணக்கா பீடி சிகரெட் குடிச்சு நுரையீரல் கெட்டு எப்பவும் இருமிக்கிட்டே இருக்கவங்க, எலும்பு தேய்மானம் உள்ள வயசான அம்மாக்கள், ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாளா சாப்பிடுறவங்க, டயாலிசிஸ்ல இருக்கவங்க, ஏற்கனவே ஒரு தடவை நெஞ்சை திறந்து ஆபரேஷன் ஆனவங்க. இன்னொண்ணும் இருக்கு, பைபாஸுக்கு நெஞ்சுக்கு உள்பக்கம் ஓடுற மேமரி ஆர்ட்டரிங்கிற ரத்தக்குழாயை எடுப்பாங்க, நெஞ்செலும்புக்கு ரத்தம் குடுக்குறதே அதுதான். இடது பக்கம் ஒண்ணு எடுக்குறது வழக்கம், ரெண்டு பக்கமும் எடுக்குறதா இருந்தா எலும்புக்கு ரத்தம் குறையும், அதுவும் சுகர் இருந்தா ஆறுறது மெதுவாகும். ஆக ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் ரவுண்ட்ஸ் வரும்போது இப்படி கேளுங்க: "டாக்டர், அப்பாவுக்கு மேமரி ஒரு பக்கம் எடுப்பீங்களா ரெண்டு பக்கமா, எலும்பு எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க, கம்பி போதுமா, வேற ஏதாவது தேவைப்பட்டா ஸ்டாக் இருக்கா". நல்ல சர்ஜன் இதுக்கு கோவிச்சுக்க மாட்டார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயோ கம்பெனி இன்சூரன்ஸ்லயோ பண்றீங்கன்னா பிளேட்டு பேக்கேஜுக்குள்ள வருமா தனியா கட்டணுமான்னு இன்சூரன்ஸ் டெஸ்க்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு கவுன்டர்ல நின்னு சண்டை போடுற நிலைமை வேணாம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க கையில இருக்கறது

தேதி குறிச்ச ஆபரேஷன்னா கொஞ்சம் நேரம் கிடைக்கும், அதை வீணாக்காதீங்க. புகையை இன்னைக்கே நிறுத்துங்க, குறைஞ்சது நாலு வாரம் இடைவெளி கிடைச்சா நெஞ்சு சளியும் குறையும், புண்ணும் நல்லா ஆறும். சுகரை கட்டுக்குள்ள கொண்டுவாங்க, ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாச சராசரி சுகரை காட்டுற ரத்த டெஸ்ட்) ரொம்ப அதிகமா இருந்தா அவசரம் இல்லாத கேஸ்ல தள்ளி வைக்கிற சர்ஜனும் உண்டு. வறட்டு இருமல் இருந்தா சொல்லுங்க, சில பிரஷர் மாத்திரையே, ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி, இருமலை கொண்டு வரும், அதை மாத்திக் குடுக்க வழி இருக்கு, ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. நெஞ்சு முடியை வீட்ல பிளேடு போட்டு மழிச்சுக்கிட்டு வராதீங்க, கண்ணுக்குத் தெரியாத கீறல்ல கிருமி உக்காரும், ஆஸ்பத்திரியிலயே கிளிப்பர் வச்சு எடுப்பாங்க.

அந்த மூணு பந்து மிஷின், ஸ்பைரோமீட்டர், அதை முன்னாடியே வாங்கி பழகுங்க. பாதிப்பேர் அதை ஊதுறாங்க! ஊதக்கூடாது, உறிஞ்சணும். வாயை குழாய்ல நல்லா மூடிக்கிட்டு மெதுவா ஆழமா உள்ள இழுத்து, பந்து மேல நிக்கிறப்ப கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சு வச்சு, அப்புறம் குழாயை எடுத்துட்டு மூச்சை விடணும். மூணு பந்தையும் டக்குனு மேல ஏத்துறது பெருமையில்ல, ஒண்ணு ரெண்டு பந்தை மெதுவா நிறுத்தி வைக்கிறதுதான் நுரையீரலுக்கு நல்லது.

வீட்டுக்கு வந்ததும்: எழுந்திரிக்கிறது, இருமுறது

முதல்ல பாய் வேணாம். தரையில படுத்து எழுந்திரிக்க கைய ஊனாம முடியாது, கைய ஊனுனா முழு உடம்பு வெயிட்டும் நெஞ்செலும்பு மேல விழும். கட்டில் வேணும், முழங்கால் மடங்குற உயரத்துக்கு, தலைப்பக்கம் ரெண்டு மூணு தலகாணி வச்சு சாய்வா.

எழுந்திரிக்கிறது இப்படி: மல்லாந்து படுத்திருக்கீங்க, ரெண்டு முழங்காலையும் மடக்குங்க, ரெண்டு கையையும் நெஞ்சோட கட்டிக்கோங்க, ஒரு தலகாணி இருந்தா அதையும் சேர்த்து அணைச்சுக்கோங்க. தோளும் இடுப்பும் ஒண்ணா, கட்டை உருளுற மாதிரி, கட்டில் ஓரத்துக்கு பக்கவாட்டுல திரும்புங்க. ரெண்டு காலையும் கட்டிலை விட்டு கீழ தொங்க விடுங்க, கால் கீழ இறங்குற கனத்துலயே உடம்பு பாதி மேல வந்துரும், கீழ இருக்குற முழங்கைய லேசா வச்சுக்கிட்டு மீதியை எழுங்க. கூட இருக்கவங்க தோளுக்குப் பின்னாடி கைய குடுத்து தாங்கலாம், ஆனா கைய புடிச்சு இழுக்கவே கூடாது, அக்குள்ல கைய விட்டு தூக்கவும் கூடாது. பாசத்துல மகன்மார் பண்ற வேலை இதுதான், "வாங்கப்பா"ன்னு ரெண்டு கையையும் புடிச்சு இழுப்பாங்க, அப்பா முகம் வலியில சுருங்கும், அப்பதான் புரியும். எழுந்ததும் உடனே நடக்காதீங்க, ஒரு நிமிஷம் உக்காந்திருங்க, தலை சுத்தும். நாற்காலியிலேர்ந்து எழும்போது முன்னாடி ஓரத்துக்கு நகர்ந்து வந்து, மூக்கு முழங்காலுக்கு மேல வர்ற மாதிரி குனிஞ்சு, தொடை பலத்துல எழுங்க.

இருமலை அடக்காதீங்க. இருமாம விட்டா சளி கட்டி நிமோனியா வரும், அது பெரிய தொல்லை. அதே சமயம் ஒரு பலமான இருமல் நெஞ்செலும்பு மேல போடுற இழுப்பு அஞ்சு கிலோ சாமானை தூக்குறதை விட அதிகம், அதனால தாங்கல் குடுத்து இருமணும். கெட்டியான சின்ன தலகாணி, இல்லன்னா நாலா மடிச்ச துண்டை நெஞ்சு நடுவுல வச்சு ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டி, இறுக்கி அணைச்சுக்கிட்டு இருமுங்க. தும்மலும் அப்படியே, சத்தமா சிரிக்கிறதும் அப்படியே. அதனால அந்த தலகாணி கைக்கு எட்டுற தூரத்துலயே எப்பவும் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில குடுக்குற செஸ்ட் பெல்ட்டை சொன்ன நாள் வரைக்கும் போடுங்க, இருமுறப்ப தைரியம் குடுக்கும், குண்டா இருக்கவங்களுக்கு நல்ல தாங்கல், ஆனா மூச்சு முட்டுற அளவுக்கு இறுக்கி கட்டாதீங்க.

வலி மாத்திரையை வீரத்துக்காக தவிர்க்காதீங்க. வலி இருந்தா ஆழமா மூச்சு இழுக்க மாட்டீங்க, இருமவும் மாட்டீங்க. எழுதிக் குடுத்ததை நேரத்துக்கு போடுங்க, மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வேற வலி மாத்திரை வாங்காதீங்க, பல மாத்திரை கிட்னிக்கும் இதயத்துக்கும் ஆகாது.

கை விஷயம்

பழைய அட்டவணை, அஞ்சு கிலோவுக்கு மேல எதுவும் மூணு மாசம் தூக்காதே, கைய தோளுக்கு மேல தூக்காதேன்னு ஒரே தடையா இருக்கும், இப்பவும் நிறைய ஆஸ்பத்திரியில அதுதான். சமீப வருஷங்கள்ல வேற ஒரு யோசனை பரவிக்கிட்டிருக்கு: எத்தனை கிலோங்கிறதை விட கை உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்குங்கிறதுதான் முக்கியம். உங்க உடம்பை சுத்தி ஒரு குழாய் இருக்குன்னு நினைச்சுக்கோங்க, மேல் கை விலாவோட ஒட்டி அந்த குழாய்க்குள்ள இருக்குறவரைக்கும் வேலை செய்யலாம், முழங்கை வெளிய போறப்பதான் இழுப்பு கூடும். ஒரு டம்ளரை கை நீட்டி அலமாரியிலேர்ந்து எடுக்குறதை விட, அதைவிட கனமான ஒண்ணை நெஞ்சுக்கு பக்கத்துல ரெண்டு கையாலயும் அணைச்சு எடுக்குறது எலும்புக்கு இதமா இருக்கும். உங்க சர்ஜன் கிலோ கணக்கு சொல்லியிருந்தா அதையும் வச்சுக்கோங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல.

இப்ப வீட்டு வேலைக்கு வாங்க. நிறைஞ்ச குடம் 12 கிலோவுக்கு மேல போகும், வேணாம். கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பு தனி, உருட்டக்கூட வேணாம். பேரப்பிள்ளை ஓடி வரும், தூக்க கை பரபரக்கும், உக்காந்துக்கிட்டு மத்தவங்க எடுத்து மடியில வைக்கட்டும். சப்பாத்தி தேய்க்கிறது, துணி பிழியிறது, இறுகுன பாட்டில் மூடி திறக்கிறது, ஜன்னல் தள்ளுறது, கதவை தோளால இடிச்சு திறக்கிறது, இதெல்லாம் முதல் ரெண்டு மாசம் மத்தவங்க வேலை. காய் நறுக்கலாம், கீரை ஆயலாம், தலை சீவலாம் முழங்கை கீழ இருந்தா. பனியனை தலை வழியா போடாதீங்க, முன்னாடி பட்டன் வச்ச சட்டை போடுங்க.

பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், டிஸ்சார்ஜ் பேப்பர்ல இதை எழுதமாட்டாங்க, நர்ஸுங்களும் சொல்ல கூச்சப்படுவாங்க. மார்பகம் கனமா இருந்தா அந்த கனம் ரெண்டு பக்கமும் சரிஞ்சு வெட்டுக் கோட்டை வெளிய இழுக்கும், காயத்தோட கீழ் முனையில தையல் பிரியிறது, ஈரம் தங்கி புண்ணாகுறது எல்லாம் இதனாலதான் அதிகம். முன்னாடி கொக்கி வச்ச, கம்பி இல்லாத, காட்டன் பிராவை முதல் வாரத்துலேர்ந்தே, படுக்கும்போதும் போட்டுக்கிட்டு, கோட்டுக்கு மேல சுத்தமான மெல்லிய துணி வச்சுக்கலாம். மார்புக்கு கீழ ஈரம் இல்லாம பாத்துக்கோங்க.

அசையாம இருக்கவும் கூடாதுன்னு சொன்னேனே: தோளை மெதுவா சுத்துங்க, ரெண்டு கையையும் ஒண்ணா, ஒரே வேகத்துல வலிக்காத உயரம் வரைக்கும் தூக்கி இறக்குங்க. ஒத்தைக் கைய மட்டும் தூக்குறப்ப எலும்போட ரெண்டு பாதியும் வேற வேற பக்கம் இழுபடும், ரெண்டையும் சேர்த்து தூக்குனா அந்த வம்பு குறையும். முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல புடிச்ச மாதிரி வலிக்கும், அது நெஞ்சை அகட்டி வச்சதால வர்றது, இந்த பயிற்சியில இளகும்.

பாத்ரூம், தூக்கம், வண்டி

வெஸ்டர்ன் டாய்லெட் வேணும், இல்லன்னா கமோடு நாற்காலி ஒண்ணு வாங்குங்க. குத்துக்கால் போட்டு உக்காந்தா எழ கைய ஊனுவீங்க. முக்குறது இன்னும் மோசம், வலி மாத்திரையில சிலது மலச்சிக்கலை கொண்டு வரும், இசப்கோல், பழம், டாக்டர் சொன்ன அளவுக்கு தண்ணி. பக்கெட் தூக்கிப் போகாதீங்க, ஸ்டூல்ல உக்காந்து மக்கால ஊத்திக்கோங்க. குளிக்கலாம்னு டாக்டர் சொன்ன பிறகு சாதாரண சோப்பு நுரையை காயத்து மேல வழிய விட்டு, தேய்க்காம, சுத்தமான துண்டால ஒத்தி எடுங்க. மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி, பவுடர், பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மூலிகை, எதுவும் காயத்து மேல வேணாம். பாத்ரூம் கதவை உள்ள தாழ்ப்பாள் போடாதீங்க.

தூக்கம் முதல் மாசம் பாடாய்ப்படுத்தும். மல்லாந்தே படுக்கப் பழகாதவங்களுக்கு தலைப்பக்கம் உயர்த்தி, முழங்காலுக்கு கீழ ஒரு தலகாணி வச்சா தாங்கலாம். ஒருக்களிச்சு படுக்குறது வலி விடுறதை வச்சு, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு, குப்புற படுக்குறது மட்டும் மூணு மாசம் வரைக்கும் வேணாம். காரணமே இல்லாம அழுகை வரும், எரிச்சல் வரும், பசி செத்துப்போகும், இதெல்லாம் நிறைய பேருக்கு வர்றதுதான், பெரும்பாலும் சில வாரத்துல தெளிஞ்சிடும். தெளியாம மனசு இருட்டிக்கிட்டே போனா அதையும் டாக்டர்ட்ட சொல்லணும், வெக்கப்பட ஒண்ணுமில்ல.

காருல பின் சீட்டுல உக்காருங்க, சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல மடிச்ச துண்டு வச்சு கண்டிப்பா பெல்ட் போடுங்க, ஸ்பீட் பிரேக்கர்ல டிரைவர்ட்ட மெதுவா போகச் சொல்லுங்க. கார் ஓட்ட சாதாரணமா ஆறு வாரத்துக்கு மேல ஆகும். டூ வீலர் அப்படி இல்ல, ஹேண்டில் பாரை புடிச்சு குழியில குதிக்கிறதும், ஸ்டாண்டு போடுறதும், சறுக்கி விழுறதும் நெஞ்செலும்புக்கு நேரடி அடி, மூணு மாசத்துக்கு ஓட்டுறதும் வேணாம் பின்னாடி உக்காருறதும் வேணாம். டவுன் பஸ்ல மேல் கம்பியை புடிச்சு தொங்குறதும் அதே கணக்குதான்.

நடை மட்டும் முதல் நாளே ஆரம்பிக்கணும். வீட்டுக்குள்ள அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை, பேசிக்கிட்டே நடக்க முடியிற வேகம், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டி, ஒண்ணு ஒண்ணரை மாசத்துல ஒரே நடையா அரை மணி நேரத்துக்கு வாங்க. படி ஏறலாம், கைப்புடி பேலன்ஸுக்கு மட்டும், அதை இழுத்து ஏறாதீங்க. தாம்பத்தியத்தை பத்தி யாரும் வாய் திறந்து கேக்க மாட்டாங்க, ரெண்டு மாடி படி மூச்சு வாங்காம ஏற முடிஞ்சா, ஆறு எட்டு வாரத்துக்கு அப்புறம், நெஞ்சு மேல பாரம் விழாத மாதிரி, பயப்படாம இருக்கலாம்.

சாப்பாட்டுல, ஆபரேஷன் ஆனவங்கன்னு கஞ்சியும் ரசமும் மட்டுமே ஊத்தி பத்தியம் போடாதீங்க. எலும்பும் தோலும் சேர புரதம் வேணும், முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், கிட்னி பிரச்சினை இருந்தா அளவை மட்டும் கேட்டுக்கோங்க. சுகரை வீட்லயே குத்திப் பாத்து எழுதி வைங்க, காயம் ஆறுறதும் ஆறாததும் பாதி அதுலதான் இருக்கு.

டக்குனு சத்தம் வந்தா

இதை நிதானமா படிங்க. நெஞ்சுல வர்ற எல்லா சத்தமும் எலும்பு பிரிஞ்ச சத்தம் இல்ல, விலா எலும்பு நெஞ்செலும்போட சேர்ற குருத்தெலும்பு மூட்டும் சொடக்கு போடும், ஓரத்துல வரும், ஒரு தடவை வந்து நின்னுடும். கவனிக்க வேண்டியது வேற: உள்ளங்கையை தட்டையா வெட்டுக் கோட்டு மேல வச்சுக்கிட்டு மெதுவா இருமிப் பாருங்க, கைக்கு கீழ ரெண்டு பக்கமும் தனித்தனியா நகர்ற மாதிரி, நறநறன்னு உரசுற மாதிரி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல தட்டுப்பட்டா அது எலும்பு லூசா இருக்கறது. ஒரு தடவை பாத்தா போதும், வீட்ல ஆளாளுக்கு கைய வச்சு இருமச் சொல்லி சோதிக்காதீங்க. அன்னைக்கே ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க.

அதோட 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், காயத்துல சிவப்பு பரவுறது, சீழ் இல்லன்னா திடீர்னு நிறைய தண்ணி கசியிறது, காய வாய் திறக்குறது, குறைஞ்சுக்கிட்டு வந்த வலி திரும்ப ஏறுறது, இதுல எது வந்தாலும் ரிவ்யூ தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க. எலும்புக்கு பின்னாடி கிருமி போச்சுன்னா அது நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்றதுதான், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் பாத்தா சீக்கிரம் அடக்கலாம். பக்கத்து கிளினிக்ல ஆன்டிபயாடிக் எழுதி வாங்கி நாளை கடத்துறதுதான் நான் பாத்ததுலயே கெட்ட பழக்கம். படபடன்னு நெஞ்சு தாறுமாறா அடிக்கிறது, மூச்சு திணறல், ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ எடை ஏறி கால் வீங்குறது, இதெல்லாம் எலும்பு இல்ல இதயம், அதுக்கும் உடனே போகணும், மயக்கமோ கடுமையான நெஞ்சு வலியோ வந்தா 108.

ஆஸ்பத்திரியில என்ன பண்ணுவாங்கன்னா, சிடி ஸ்கேன் எடுப்பாங்க. கிருமி இல்லாம எலும்பு மட்டும் விட்டிருந்தா, சின்ன இடைவெளின்னா பெல்ட் போட்டு பாப்பாங்க, பெருசுன்னா திரும்ப கம்பி, இல்லன்னா இந்த தடவை பிளேட்டு. கிருமி இருந்தா திறந்து சுத்தம் பண்ணி, வாக்-ங்கிற உறிஞ்சுற மிஷினை காயத்து மேல பொருத்தி, வாரக்கணக்குல ஊசி போட்டு, தேவைப்பட்டா நெஞ்சு தசையை திருப்பிக் கொண்டுவந்து மூடுவாங்க. நாள் புடிக்கும், ஆனா மீண்டு வர்றவங்க நிறைய.

எப்ப முழுசா சேரும்

ஆறு எட்டு வாரத்துல எலும்பு புடிச்சிரும், தினசரி வேலைக்கு தாங்கும். மூணு மாசத்துல பெரும்பாலான தடையை எடுத்துருவாங்க. ஸ்கேன்ல பாத்தா சில பேருக்கு 6 மாசம் ஆனாலும் கோடு தெரியும், ஆட்டமும் வலியும் இல்லன்னா அதுக்கு பயப்பட வேணாம். டேபிள் வேலைக்கு ரெண்டு மாசம் வாக்குல போகலாம், மூட்டை தூக்குறவங்க, மண்வெட்டி புடிக்கிறவங்க, தறி ஓட்டுறவங்க மூணு மாசம் கழிச்சு டாக்டர் பாத்து சொன்ன பிறகு, அதுவும் அரை வெயிட்டுல ஆரம்பிச்சு. கோயில்ல விழுந்து கும்பிடுறதும் அந்த ரிவ்யூ வரைக்கும் நின்னபடியே இருக்கட்டும்.

இடது பக்கம் நெஞ்சு மரத்துப்போன மாதிரி, தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கறது மேமரி ஆர்ட்டரி எடுத்த இடம், மாசக்கணக்குல மெதுவா குறையும், சில பேருக்கு கொஞ்சம் தங்கியே விடும். கம்பியை எடுக்க மாட்டாங்க, ஆயுசுக்கும் உள்ளயே இருக்கும், துருப்பிடிக்காது, ஏர்போர்ட் மெஷின் சாதாரணமா கத்தாது. எம்ஆர்ஐ எடுக்கும்போது ஆபரேஷன் ஆனதையும் உள்ள என்ன இருக்குன்னும் டெக்னீஷியன்ட்ட சொல்லணும், கம்பி பிரச்சினை பண்ணாது, ஆனா வால்வு, பேஸ்மேக்கர் இருந்தா அதோட கார்டை காட்டணும். ஒல்லியானவங்களுக்கு மட்டும் சில சமயம் முறுக்கு முனை தோலுக்கு அடியில குத்தும், பூணூலோ செயினோ உரசுனா சுருக்குனு இருக்கும். எலும்பு நல்லா சேர்ந்த பிறகு அந்த ஒரு கம்பியை மட்டும் சின்ன கீறல் போட்டு எடுத்து விட்டுருவாங்க, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம்.